இடிந்த ஆலயங்களும் இடியாத ஊர்களும்

தென் அமெரிக்காவில், அர்ஜென்டினா நாட்டின் வடகிழக்கு மூலையில், சான் இக்னாசியோ மினி என்றோர் ஊர் உண்டு. அப்பெயர் கொண்ட பழைய ஊரில் இன்று நிற்பவை சுவர்களே. செம்மணற் கல்லாற் கட்டிய பேராலயம் ஒன்றின் முகப்பு, கூரையின்றி வானத்தை நோக்கி நிற்கின்றது. வாயிலின் இருமருங்கிலும் தேவதூதரும் கொடிகளும் மலர்களும் செதுக்கப்பட்டுள்ளன. செதுக்கிய கைகள் ஐரோப்பியருடையவை அல்ல. அக்காட்டு நாட்டின் குடிகளாகிய குவாரனி மக்களுடையவை. காடு அவ்வூரை மூடிக் கிடந்த காலத்தில் அத்திமரம் ஒன்று கல்தூண் ஒன்றைச் சுற்றி வளர்ந்து, அதனை முற்றும் தன்னுள் அடக்கிக்கொண்டது. கல்லை நெஞ்சாக உடைய மரம் என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. நம் நாட்டுப் பாழ்கோபுரங்களில் அரசங்கன்று வேரூன்றிச் சுவரைப் பிளத்தலைக் கண்டோர்க்கு இக்காட்சி புதிதன்று.

யாம் அவ்விடத்தை நேரிற் கண்டோமல்லோம், படங்களிற் கண்டதே. ஆயினும் அப்படங்களைக் கண்ட நாள்முதல் ஒரு வினா எம்மை விட்டு நீங்கவில்லை. எம் ஊர் சுரண்டை. அதற்குத் தொலைவில் அல்லாது, ஆலங்குளத்தை அடுத்து நல்லூர் உள்ளது. தெற்கே செல்லச் செல்ல டோனாவூர், சுவிசேஷபுரம், முதலூர், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் என ஊர்ப்பெயர்களே வேத வாசனை வீசுகின்றன. இவற்றுட் பல, விசுவாசிகளை ஓரிடத்திற் கூட்டிக் குடியேற்றும்பொருட்டு மிஷன் தொண்டர் உண்டாக்கிய அல்லது புதுக்கிய ஊர்கள். குவாரனி நாட்டு ஊர்களும் அவ்வாறே உண்டானவை. அவை கற்குவியலாய்ப் போயின. இவற்றிலோ இன்றும் காலையில் அடுப்புப் புகைகின்றது, ஆலயமணி ஒலிக்கின்றது. இவ்வேறுபாடு எதனால் வந்தது?

விடை காணுமுன் அவ்வூர்களின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

குவாரனி மக்கள் பரானா, உருகுவை என்னும் பேராறுகளின் கரைக்காடுகளில் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிட்டுச் சிறு குடியிருப்புகளாய் வாழ்ந்தவர். ஸ்பெயின் நாட்டார் வந்து அவர்களைத் தம் நிலங்களிற் கட்டாய வேலைக்கு உட்படுத்தினர். கிழக்கே பிரேசிலில் இருந்த சாவோ பாலோ நகரத்துக் கொள்ளைக் கூட்டத்தாரோ, காட்டினுட் புகுந்து அவர்களைப் பிடித்து அடிமைகளாக விற்றனர். இவ்விரு வாய்களுக்கும் நடுவே அகப்பட்டிருந்த மக்களை, 1609-ஆம் ஆண்டு தொடங்கி, இயேசு சபைக் குருக்கள் ஊர் ஊராகக் கூட்டிச் சேர்த்தனர். கூட்டிச் சேர்த்தல் என்னும் பொருளுடைய சொல்லே ஸ்பானிய மொழியில் அவ்வூர்களுக்குப் பெயராயிற்று. இன்று பராகுவை, அர்ஜென்டினா, பிரேசில் என மூன்று நாடுகளாய்ப் பிரிந்து கிடக்கும் நிலப்பரப்பில் முப்பது ஊர்கள் எழுந்தன. 1732-இல் அவற்றில் வாழ்ந்தோர் ஏறக்குறைய 1,41,000 பேர்.

ஊர்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. நடுவே விசாலமான சதுக்கம். அதன் ஒரு பக்கத்தில் ஆலயம். ஆலயத்தின் ஒருபுறம் கல்லறைத் தோட்டம், மறுபுறம் குருக்களின் இல்லமும் பள்ளியும் பட்டறைகளும். அப்பால் கைம்பெண்களும் அநாதைகளும் தங்கும் வீடு. மற்ற மூன்று பக்கங்களிலும் குடும்பங்கள் வாழும் நீண்ட வரிசை வீடுகள். நிலம் இருவகையாய்ப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் தனக்கெனப் பயிரிடுவது மனிதனுடைய பங்கு. ஊரார் அனைவரும் முறைவைத்து உழைப்பது கடவுளுடைய பங்கு. அதன் விளைவு நோயாளருக்கும் கைம்பெண்களுக்கும் விதைக்கும் அரசிறைக்கும் ஆலயத்துக்கும் சென்றது. அந்நாட்டார் தேயிலை போற் காய்ச்சிப் பருகும் மாத்தே என்னும் இலையைத் தோட்டமிட்டு வளர்த்து விற்றனர். பெரும் மாட்டு மந்தைகளும் இருந்தன.

ஓரூருக்கு இரண்டு குருக்களே. நாலாயிரம் ஐயாயிரம் பேரை இரண்டு அந்நியர் அடக்கி ஆள்தல் இயலுமோ? இயலாது. ஊரின் அன்றாட ஆட்சியைக் குவாரனித் தலைவர்களே ஒரு மன்றமாய்க் கூடி நடத்தினர். கொல்லரும் தச்சரும் சிற்பிகளும் இசைவல்லாரும் அவர்களே. வயலினும் யாழும் தாமே செய்து தாமே வாசித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்களிலேயே அச்செழுத்து வார்த்து நூல்களும் அச்சிட்டனர். நிக்கோலாஸ் யாப்புகுவாய் என்னும் குவாரனித் தலைவர் தம் தாய்மொழியில் எழுதிய ஞானோபதேச விளக்கம் 1724-இலும் பிரசங்க நூல் 1727-இலும் அவ்வாறு வெளிவந்தன. தமிழ் பயில்வோராகிய நாம் இதனை மனத்திற் கொள்ளுதல் தகும். தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் தமிழ் நூல்களை அச்சிட்ட காலத்தை அடுத்து, உலகின் மறுகோடியில், காட்டுக்குடிகள் என்று பிறர் இகழ்ந்தோரில் ஒருவர் ஆசிரியராய் விளங்கியிருக்கின்றார்.

இவ்வாழ்வு அமைதியில் மலர்ந்ததன்று. 1631-இல் அடிமை பிடிப்போரின் தாக்குதலைத் தாங்கமாட்டாமல், அந்தோனியோ ரூயிஸ் தெ மொந்தோயா என்னும் குரு ஏறக்குறைய 12,000 பேரை நூற்றுக்கணக்கான தெப்பங்களில் ஏற்றி ஆற்றின்வழியே தெற்கே அழைத்துச் சென்றார். பசியாலும் பிணியாலும் வழியிலே மாண்டோர் மிகப் பலர். இஸ்ரவேலரின் யாத்திரையைப் படிக்கும்போதெல்லாம் எமக்கு இவர்களின் நினைவு வருகின்றது. ஆனால் இவர்களுக்குச் செங்கடல் பிளக்கவில்லை, அருவிகளே குறுக்கே நின்றன. அந்த மொந்தோயாவே 1639-இல் குவாரனிச் சொற்களுக்குப் பேரகராதி ஒன்றை மாட்ரிட் நகரில் அச்சிட்டவர். 1641-இல் ம்போரொரே என்னுமிடத்தில் குவாரனிப் படையினர் கொள்ளைக் கூட்டத்தாரை முறியடித்தனர். அதன்பின் நூறாண்டுக்கு மேல் ஊர்கள் நிலைத்தன.

அழிவு காட்டிலிருந்து வரவில்லை, அரண்மனைகளிலிருந்து வந்தது. 1750-இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் மாட்ரிட் நகரில் எல்லை உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. உருகுவை ஆற்றின் கிழக்கே இருந்த ஏழு ஊர்கள் போர்த்துக்கலின் பங்குக்கு விழுந்தன. அங்கு வாழ்ந்தோர் வீடு, வயல், ஆலயம் அனைத்தையும் விட்டு ஆற்றைக் கடந்து போகவேண்டும் என்பது கட்டளை. குவாரனியர் மறுத்தனர். 1756 பெப்ருவரியில் அவர்தம் தலைவன் செபே தியாராசு வீழ்ந்தான். மூன்று நாள் கழித்துக் கைபாத்தே என்னுமிடத்தில் ஏறக்குறைய 1,500 பேர் ஒரே போரில் மடிந்தனர். அவ்வேழு ஊர்களில் ஒன்றே சான் மிகேல். அதன் ஆலய முகப்பும் கோபுரமும் இன்றும் பிரேசிலில் நிற்கின்றன. 1767-இல் ஸ்பெயின் மன்னன் மூன்றாம் சார்லஸ் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகள் அனைத்திலிருந்தும் இயேசு சபையாரை வெளியேற்றினான். மறு ஆண்டு கட்டளை இவ்வூர்களை எட்டியது. குருக்கள் காவலிற் கொண்டுசெல்லப்பட்டனர்.

அவர்கள் சென்ற மறுநாளே ஊர் இடிந்து விழவில்லை. வேறு சபைக் குருக்கள் வந்தனர். ஆனால் ஊரின் நிலமும் மந்தையும் பண்டசாலையும் அரசாங்க அதிகாரிகளின் கைக்குச் சென்றன. பிறகு நடந்ததை ஊகித்தல் எளிது. மந்தைகள் குறைந்தன, கடவுளுடைய பங்கு அதிகாரியின் பங்காயிற்று, கைத்தொழில் கற்றோர் நகரங்களுக்கும் பண்ணைகளுக்கும் கூலிகளாய்ப் பிரிந்து போயினர். முப்பது நாற்பது ஆண்டுகளில் மக்கள்தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. 1810-க்குப் பின் எழுந்த போர்களில் பல ஊர்கள் தீக்கிரையாயின. எஞ்சியவற்றை அத்திமரம் எடுத்துக்கொண்டது. சான் மிகேல் 1983-இலும், அர்ஜென்டினாவிலுள்ள நான்கு ஊர்கள் 1984-இலும், பராகுவையிலுள்ள திரினிதாத், ஹெசூஸ் என்னும் இரண்டும் 1993-இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாய் ஏற்கப்பட்டன. ஹெசூஸ் ஊரின் ஆலயம் கட்டி முடியாதது. முடியுமுன்னரே கட்டுவித்தோர் துரத்தப்பட்டனர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். குவாரனியரிடையே முதல் ஊர் எழுவதற்கு 67 ஆண்டு முன்னரே அதே இயேசு சபையார் நம் நெல்லைச் சீமைக் கடற்கரையில் அடியெடுத்து வைத்துவிட்டனர். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களிலேயே போர்த்துக்கேயரின் பாதுகாவலை நாடி ஞானஸ்நானம் பெற்றிருந்தனர், ஆனால் போதிப்பாரில்லை. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். தமிழறியாத அவர், இருமொழியும் அறிந்தோரைக் கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையிற் சிறுமணி ஒன்றை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். அவர் உச்சரித்த தமிழ் எவ்வாறிருந்திருக்கும் என்று எண்ணிப் புன்னகை செய்வார் செய்க. அச்சிறுவர்களின் வழித்தோன்றல்கள் அவ்விசுவாசத்தை இன்றும் விடவில்லை.

சவேரியார் செய்த பிறிதொன்றே எம் கருத்துக்கு முக்கியமானது. ஓரூரை விட்டு நீங்கும்போது அவ்வூரிலேயே ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக அமர்த்தி, ஜெபங்களின் படி ஒன்றை அவரிடம் ஒப்புவித்துச் சென்றார். சிறுவருக்குக் கற்பித்தலும், சாகுந்தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தலும், மணம் மரணம் முதலியவற்றை அறிந்துவைத்தலும் அவர் கடமை. அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? முத்துக்குளிப்பு வருவாயில் ஆண்டுக்கு 4,000 பணம் போர்த்துக்கல் அரசியாரின் பாதரட்சைச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதனைக் கணக்கப்பிள்ளைமாருக்கு விட்டுக்கொடுக்குமாறு சவேரியார் அரசியாருக்கு எழுதிப் பெற்றார். ஒரு நாட்டரசியின் செருப்புக் காசில் நம் ஊர் வாத்தியார்மார் உண்டனர் என்பது வேடிக்கையான செய்தியாயினும், அக்காசினால் விளைந்தது பெரிது.

சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகள் தமிழை இலக்கண முறையாய்க் கற்ற முதல் ஐரோப்பியருள் ஒருவர். புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்தார், மருத்துவமனை ஏற்படுத்தினார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் 16 பக்கமுள்ள அச்சிறு நூலேயாம். அதனைத் தொடர்ந்து 1579-இல் கிரீசித்தியானி வணக்கமும், 1586-இல் அடியார் வரலாறும் அச்சாயின. புன்னைக்காயலில் அந்நாளைய கட்டடங்களைத் தேடிச் செல்வோர் ஏமாற்றமடைவர். செம்மணற்கல் முகப்பு எதுவும் அங்கு எஞ்சவில்லை. ஆனால் அங்கு மக்கள் எஞ்சியுள்ளனர்.

அவர்களுக்கும் சோதனை வராமலில்லை. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றி, கத்தோலிக்கக் குருக்களை நகரினின்று விலக்கினர். பரதவரைத் தம் சீர்திருத்த மார்க்கத்துக்குத் திருப்பவும் முயன்றனர். பரதவர் திரும்பவில்லை, தம் சாதித் தலைவரின் கீழ்க் கட்டுப்பாடாய் நின்று, ஊருக்கு வெளியே குருக்களைத் தேடிச் சென்று திருப்பலி கண்டனர். சீர்திருத்த சபையைச் சேர்ந்த யாம் இதனை எழுதுவது சிலர்க்கு வியப்பாகலாம். உறுதி எங்கிருப்பினும் உறுதியே.

அதன் பின்னர் வந்தது பெருஞ்சோதனை. 1759-இல் போர்த்துக்கல் இயேசு சபையாரைத் துரத்திற்று. 1773-இல் பாப்பரசர் பதினான்காம் கிளமெந்து அச்சபையையே உலகெங்கும் கலைத்துவிட்டார். குவாரனி ஊர்களைக் குருக்களற்றவையாக்கிய அதே புயல், வீரமாமுனிவர் உழைத்த மதுரை மிஷனையும், அவர் காலடி பட்ட நம் வடநெல்லைப் பகுதியையும், காமநாயக்கன்பட்டியையும், தெற்கே வடக்கன்குளத்தையும் தாக்கியது. கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் குருக்கள் சிலர் வந்து போயினர். பல ஊர்கள் ஆண்டில் ஒருமுறை குருவின் முகத்தைக் கண்டதே அரிது. 1836-இல் மதுரை மிஷன் மீண்டும் இயேசு சபையிடம் ஒப்புவிக்கப்பட்டு, அடுத்த இரண்டாண்டுகளில் பிரெஞ்சுக் குருக்கள் வந்து சேர்ந்தபோது, இடைவெளி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அவர்கள் கண்டவை அத்திமரம் சூழ்ந்த தூண்களல்ல. ஜெபம் மறவாத ஊர்களையும், அவற்றை நடத்திவந்த உபதேசிமாரையும், கோயிற்பிள்ளைமாரையும் கண்டனர். பூசல்களும் இருந்தன. கட்சிகளும் இருந்தன. ஆனால் பூசலிடுவதற்கு ஆட்கள் இருந்தனர்!

எம்முடைய சபையின் வரலாற்றுக்கு வருவோமாயின், முதலூரே முதலில் நிற்கின்றது. சாத்தான்குளத்தை அடுத்த காலன்குடியைச் சேர்ந்தவர் தாவீது சுந்தரானந்தம். தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரின் மிஷனிற் சேர்ந்து உபதேசியாராய்த் தம் சொந்த நாட்டுக்குத் திரும்பிவந்து, தம் உறவினரிடையே சுவிசேஷத்தைக் கூறினார். கேட்டுச் சேர்ந்தோர் துன்புறுத்தப்பட்டனர், ஜெபவீடு இடிக்கப்பட்டது. ஆதலின் 1799-இல், எவரெட் என்னும் படைத்தலைவர் உதவிய பணத்தைக் கொண்டு, பனைகள் நிற்கும் மணற்காட்டில் நிலம் வாங்கி, விசுவாசிகளைக் குடியேற்றினார். முதற்குடிகள் 28 பேர் என்பர். புகலிடமாய் எழுந்த முதல் ஊர் ஆதலின் அதற்கு முதலூர் என்றே பெயரிட்டனர். ஊரைத் தாக்க வந்தோரை எதிர்க்க, தாவீது தடியேந்திய இளைஞர் கூட்டம் ஒன்றையும் திரட்டினார் என்று சொல்வர். மிஷனெரிமாருக்கு இது பிடித்திராது. ம்போரொரேயிற் போரிட்ட குவாரனியருக்கு இவர் தம்பி முறை. தாவீது இளமையிலேயே இறந்தார். நஞ்சிட்டுக் கொல்லப்பட்டார் என்பது அந்நாள் முதல் வழங்கும் செய்தி.

1802-ஆம் ஆண்டையொட்டி, ஜெரிக்கே ஐயரும் நாட்டுக் குருவாகிய சத்தியநாதனும் ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தனர். 1803-இல் ஜெரிக்கே இறந்தார். அதன்பின் நெல்லைச் சபைகளுக்கு நிலையான மேய்ப்பர் இல்லை. துன்புறுத்தலோடு, 1811-ஆம் ஆண்டையொட்டிக் கொள்ளைநோயும் வந்தது. பலர் பின்வாங்கினர். 1816-இல் ஹஃப் என்னும் சேனைக் குருவானவர் பாளையங்கோட்டைக்கு வந்து, இச்சபைகளில் ஏதேனும் மிஞ்சியுள்ளதோ எனத் தேடினார். ஏறக்குறைய மூவாயிரம் பேர் மிஞ்சியிருந்தனர்! அவர்களை அதுவரை காத்தவர் யார்? நாட்டுக் குருமார் இருவரும், பெயர் எழுதப்படாத உபதேசிமாருமே.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை. 1814-இல் சாமுவேல் சாயர் என்னும் வணிகர் வாங்கிக் கொடுத்த நிலம் சாயர்புரமாயிற்று. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், புருசிய நாட்டுப் பிரபு டோனா அனுப்பிய நன்கொடையால் 1827-இல் டோனாவூரை உண்டாக்கினார். ஏழை விசுவாசிகளுக்கு நிலமும் மனையும் வாங்கும்பொருட்டு 1830-இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். நெடுவிளை என்ற மணற்காடு ஜான் தாமஸ் ஐயரின் கையில் மெய்ஞ்ஞானபுரமாயிற்று. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் நேரான தெருக்களை அளந்து, கிணறு வெட்டி, மரம் நட்டு, 33 ஆண்டு உழைத்து 1880-இல் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்வித்தார். சுரண்டையும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இடையிலேயே சர்ச் மிஷன் சங்கத்தின் ஒரு வட்டாரத் தலைமையிடமாயிற்று. சதுக்கத்தின் நடுவே ஆலயம், அதனருகே பள்ளி, சுற்றிலும் தெருக்கள்: தெய்வத்தையும் கல்வியையும் ஊரின் நடுவில் வைக்கும் அந்த அமைப்பைப் பார்க்கையில், சான் இக்னாசியோவின் வரைபடத்தைப் பார்ப்பது போலவே எமக்குத் தோன்றுகின்றது.

அமைப்பு ஒன்றாயின் முடிவு ஏன் வேறாயிற்று? குவாரனியரின் உறுதி குறைந்தது என்று சொல்வோர் கைபாத்தேயில் மடிந்த 1,500 பேரை மறந்தோராவர். எமக்குத் தோன்றுவன இரண்டு.

ஒன்று நிலம். குவாரனி ஊர்களின் செல்வமெல்லாம் ஊர்ப்பொதுவில், குருக்களின் மேற்பார்வையில் இருந்தது. குருக்களை அகற்றியதும் அரசாங்கம் ஒரே நாளில் அனைத்தையும் கைக்கொள்ள முடிந்தது. நம் ஊர்களில் மிஷன் வாங்கிய நிலமும் உண்டு. ஆனால் பனையேறியவன் தன் பனையையும், உழுதவன் தன் வயலையும், தச்சன் தன் உளியையும் தானே உடையவனாயிருந்தான். ஆலயத்துக்குரிய பங்கும் மேலிருந்து வரவில்லை. உலையிலிடுமுன் ஒவ்வொரு தாயும் எடுத்துவைத்த கைப்பிடி அரிசியிலிருந்து வந்தது. அதனைப் பறிமுதல் செய்ய எந்த மன்னனாலும் ஆகாது.

மற்றொன்று பதவி. இதனைச் சொல்ல எமக்குச் சிறிது தயக்கமுண்டு; அக்குருக்களின் தியாகம் பெரிது. ஆயினும் உண்மை உண்மையே. ஏறக்குறைய 160 ஆண்டுகளில் அவர்கள் குவாரனியருக்குச் சிற்பம் கற்பித்தனர், இசை கற்பித்தனர், அச்சுத்தொழில் கற்பித்தனர், படை நடத்தவும் விட்டனர். குவாரனியர் ஒருவரையேனும் குருவாக அபிஷேகம் செய்யவில்லை. நூல் எழுதிய யாப்புகுவாய்க்கும் பலிபீடம் எட்டாதது. எப்பொழுதும் பிள்ளைகளாகவே வைத்துக் காக்கப்பட்டோர், தந்தையர் சிறைப்பட்ட நாளில் என் செய்வர்? இங்கோ 1790-இலேயே சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றுவிட்டார். வெள்ளாளன்விளையிற் பிறந்த அசரியா 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1923-இல் தூத்துக்குடியில் இயேசு சபையைச் சேர்ந்த திபூர்சியுஸ் ரோச், தற்காலத்தில் இலத்தீன் முறையின் முதல் இந்திய ஆயரானார். காலம் தாழ்த்தே கொடுத்தனர் என்று குறைகூறுவோர் உளர். அவர்கள் கூறுவதும் மெய்யே.

இதனைக் கொண்டு நாம் பெருமிதங்கொள்ளல் ஆகாது. நம் புகலிட ஊர்கள் பல ஒரே சாதியாரின் ஊர்களாயே எழுந்தன. அவ்வாறே பெரும்பாலும் நிலைத்தும்விட்டன. வடக்கன்குளத்தில் ஓர் ஆலயத்தினுள்ளேயே இரு சாதியாரைப் பிரிக்கச் சுவர் நின்றது. அது 1910-ஆம் ஆண்டையொட்டியே இடிக்கப்பட்டது. இடியாதவையெல்லாம் நல்லவை அல்ல. மேலும், ஐரோப்பிய அரசர் இருவர் நம் முதலூரை ஒரு காகிதத்தில் எல்லைக்கோடிட்டு மாற்றிக்கொண்டிருப்பாராயின், நம் உபதேசிமார் மட்டும் என்ன செய்திருக்க முடியும்? நமக்கு வந்தது துன்புறுத்தலும் கொள்ளைநோயும். அவர்களுக்கு வந்தது பீரங்கி.

குவாரனியர் அழிந்துவிடவுமில்லை. ஊர்கள் பாழாயின, மக்கள் சிதறினர், மொழி வாழ்கின்றது. பராகுவையில் 1992-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு குவாரனியை ஸ்பானியத்தோடு ஆட்சிமொழியாக்கிற்று. அந்நாட்டாரிற் பெரும்பாலோர், ஸ்பானிய வழித்தோன்றல்கள் உட்பட, அதனைப் பேசுகின்றனர். கல்லாற் கட்டியது வீழ, சொல்லாற் கட்டியது நின்றது. மொந்தோயாவின் அகராதிக்கு இன்றும் வேலையிருக்கின்றது.

நம் ஊர்களோ வேறொரு வகையில் இளைத்து வருகின்றன. பீரங்கியுமில்லை, உடன்படிக்கையுமில்லை. சுரண்டைக் கடைவீதியிற் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களிற் சில ஞாயிறன்று காணத்தக்கவை. மணி அடிக்கின்றது, வருவோர் பத்துப்பேர். இளைஞர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வளைகுடா நாடுகளிலும் உள்ளனர். பண்டிகைக்கும் அசனத்துக்கும் வந்து, அண்டா அண்டாவாய்ச் சோறு பொங்கி உண்டு, மறுநாளே பேருந்து ஏறுகின்றனர். ஆலயங்கள் முன்னினும் அழகாய் உள்ளன; வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் பளிங்குக் கல் பதித்துக் கோபுரம் உயர்த்தியுள்ளனர். ஊருக்குள் ஆள் குறையக் குறையக் கோபுரம் உயர்வது எமக்கு வியப்பாயுள்ளது.

எம் பாட்டனார் அத்தகைய சிற்றூர் ஒன்றில் உபதேசியாராய் இருந்தவர். சபையாரின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஊர்க்கணக்கு எனத் தம் கைப்பட ஒரு நோட்டில் எழுதிவைத்தார். சபைப் பதிவேடு தனியே உண்டு. இது அவர் தமக்கென வைத்திருந்தது. யார் யார் வீட்டில் எத்தனைப் பிடி அரிசி வந்தது என்பதுகூட அதில் உள்ளது. அவருக்குப் பின் அந்நோட்டு எம் இல்லத்துப் பெட்டியிற் கிடந்தது. சென்ற விடுமுறையில் எடுத்துப் பார்த்தோம். முன்பக்கங்களில் ஞானஸ்நானங்கள் மிகுதி. பின்பக்கங்களில் அடக்கங்களும், ஊரைவிட்டுப் போனோரின் பெயர்களும், போன இடங்களும். அவர் எவரையும் விலக்கிவிடவில்லை. பம்பாய் என்றும் சிலோன் என்றும் பெயருக்கெதிரே குறித்து, கடிதம் வந்த நாளையும் எழுதியிருக்கின்றார். கடைசியில் ஏழெட்டுத் தாள்கள் எழுதப்படாமலே உள்ளன. அவ்வூரில் இப்பொழுது ஜெபம் நடத்தும் முதியவரிடம் அந்நோட்டைக் காட்டினோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தம் பெயர் எழுதிய பக்கத்தைத் தேடிக் கண்டு, "இதை இங்கேயே வச்சிட்டுப் போங்க தம்பி, நான் எழுதுறேன்" என்றார். வைத்துவிட்டு வந்தோம்.